திருச்செந்தூருக்குச் சேரவேண்டிய முடி

ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் திட்டப் பிரிவில் வேலை. வண்டி செய்கிறவர்கள் வேறு. எந்தப் பாகம் எந்த நாளில் எந்தப் பட்டறையில், எங்கள் பாஷையில் எந்த ஷாப்பில், இருக்கவேண்டும் என்று காகிதத்தில் கட்டம் போடுகிறவன் நான். அந்தக் கட்டத்தை ஷாப்பில் யாரும் மதித்ததாக எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமைக்கு என்று நான் எழுதிய பாகம் வியாழக்கிழமை சாவகாசமாக வந்து சேரும். கேட்டால், காகிதத்தில் எழுதுவது சுலபம் என்பார்கள். அதனால் உலகத்தில் ஒரு காரியத்தையாவது என் கட்டப்படி நடத்திக் காட்டவேண்டும் என்ற வெறி எனக்குள் வெகுநாளாக இருந்தது. அது கடைசியில் ஒரு கோயில் யாத்திரையின் தலையில் விடிந்தது.

யாத்திரைக்குக் காரணம் என் மகள் வள்ளியின் முடி. மூன்று வயதில் அவளுக்கு டைபாய்டு வந்து, பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிழைத்து எழுந்தபோது தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது. அந்த வார்டில் கட்டிலோரமாக உட்கார்ந்து என் மனைவி சரோஜா வேண்டிக்கொண்டாளாம்: போன முடி திரும்ப முளைத்து இடுப்புவரை வந்ததும், அதை அப்படியே திருச்செந்தூருக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று. நான் அப்போது ஓவர்டைமில் இருந்தேன். யாருக்கோ கொடுத்த இலக்கை எட்டுவதற்காக வேறு யாரோ மதிக்காத கட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரோஜாவுக்குப் பிறந்த ஊர் வேப்பம்பட்டு. அவளுடைய பெற்றோர் அங்கே நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். திருச்செந்தூர் என்னைச் சேர்ந்த சாமி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் என்ற முறையில் நான் கல்யாணத்தோடு கொண்டுவந்த சொத்து. அவள் அந்த முருகனைப் பார்த்ததெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசற்கதவுக்கு மேல் தொங்கிய காலண்டரில்தான். அந்தக் கடலையும் அதில்தான் பார்த்திருந்தாள்.

முடி வளர்ந்தது. அடர்த்தியாக, அலை அலையாக, குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்படி வளர்ந்தது. சரோஜா தினமும் அதற்கு எண்ணெய் தடவிச் சிடுக்கெடுத்து, சிவப்பு ரிப்பன் வைத்துப் பின்னி, இது என்னுடையது இல்லை, கடனாக வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்வாள். ஒவ்வொரு வருடமும் லீவு கிடைக்கவில்லை என்று நான் தள்ளிப்போட்டேன். ஜூன் மாதம் வள்ளி பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும். அதற்குள் போயே ஆகவேண்டும் என்று அவள் சொன்னபோது, நான் கிராப் பேப்பரும் கலர் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் மட்டும் குடும்பத்தோடு ரயிலேறிப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. ஆனால் திட்டம் என்று ஒன்று போட்டால் அதில் நாலு பேர் இருந்தால்தானே அழகு. பக்கத்து பிளாக் தர்மலிங்கத்துக்குக் குலதெய்வம் வைத்தீஸ்வரன்கோயில். அவருடைய பிள்ளைகள் வரிசையாக மொட்டைக்குக் காத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பழனிச்சாமி மெஷின் ஷாப் சூப்பர்வைசர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அவர் பழனிதான் கேட்டார். பழனியில் கடல் இல்லை, என் திட்டம் கடற்கரை வழியாகப் போகிறது என்று சொன்னேன். கடலோரமாகவே ஊரூராகப் போவது புது யோசனை என்று அதில் எனக்குப் பெருமை. அவர் யோசித்துவிட்டு, சரிங்க, முருகன் எங்க இருந்தாலும் முருகன்தானுங்க என்று பெருந்தன்மையாகச் சேர்ந்துகொண்டார். தெருவில் மற்றவர்கள் ராமேஸ்வரமும் கேட்டார்கள். அங்கே போக அப்போது சாலைப் பாலம் கிடையாது, வண்டியை மண்டபத்தில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். ரயில் என் கட்டத்துக்குள் அடங்காது என்பதால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை அடித்துவிட்டேன்.

திட்டம் கதவில் தொங்கியது. கோயில் பச்சை, சாப்பாடு மஞ்சள், கடல் நீலம். கடல் ஒவ்வொன்றுக்கும் அரைமணி ஒதுக்கியிருந்தேன். சரோஜா அதைப் பார்த்துவிட்டு, கடலுக்கு அரைமணி போதுமான்னு கடல கேட்டீங்களா என்றாள். யாருக்கு எந்த வேலை என்பதும் பிரித்திருந்தேன். எல்லாக் குடும்பமும் எல்லா வேலையும் செய்தால் நேரம் வீண். ஷாப்பில் எப்படி ஒருவர் கடைசல், ஒருவர் துளை, ஒருவர் மெருகு என்று இருக்கிறார்களோ அப்படி, அர்ச்சனைச் சீட்டு எடுப்பது எல்லோருக்குமாக நான், குளத்துக்காரியங்கள் எல்லோருக்குமாக சரோஜா, பிள்ளைகள் எல்லோருக்குமாகப் பழனிச்சாமி. இதைப்போல ஒரு யாத்திரை தமிழ்நாட்டில் நடந்திருக்காது என்று நினைத்தேன். அது உண்மையாகவே ஆயிற்று.

என்னைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். எனக்குத் தலைமுடி நன்றாக இருந்தது. முன்னால் ஒரு பஃப், அதிலிருந்து நெற்றியில் விழுந்தும் விழாமலும் ஒரு சுருள். அந்தச் சுருளை அந்த இடத்தில் நிறுத்த வாசனைத் தைலமும் பொறுமையும் வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொம்புச் சீப்பு. சம்பளம் போதாது, உயரம் போதாது, அதிகாரம் அறவே இல்லை. ஆனால் கேன்டீன் கண்ணாடியைத் தாண்டும்போது மட்டும் நான் ஒரு ஆளாக இருந்தேன்.

கிளம்பிய அன்று காலை எங்கள் டிரைவர் ஏகாம்பரம் தன் பழைய வேனோடு குமணன்சாவடியிலிருந்து வந்தார். வந்தவர் மறுபடி எங்களை ஏற்றிக்கொண்டு குமணன்சாவடிக்கே போய், முச்சந்தியில் தேங்காய் உடைத்துச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ஒரு பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. இது எந்த நிறத்திலும் என் திட்டத்தில் இல்லை. நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். "டைம கடிகாரத்தாண்ட கேளு சார், வண்டிய என்னாண்ட கேளு" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பழம் வாங்கிவரப் போனார்.

திண்டிவனத்துக்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்தது. மே மாத வெயிலில் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, மத்தியானத்துக்கு என்று வைத்திருந்த புளிச்சோற்றைக் காலையிலேயே தின்றோம். ஜன்னல் காற்றில் சுருள் கலையாமல் இருக்க நான் தலையில் துண்டு கட்டியிருந்ததைப் பார்த்து, சாருக்குத் தலைவலியா என்று வழிப்போக்கர் ஒருவர் விசாரித்தார். ஏகாம்பரம் பக்கத்து வயல் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி வண்டியைச் சமாதானப்படுத்தினார். ஆவடியில் குழாயடிச் சண்டையிலேயே வளர்ந்த எங்கள் பெண்கள், ஒருவர் கேட்டதும் கிணற்றுக்காரர் கயிற்றை எடுத்துக் கொடுத்ததைப் பற்றியே பாண்டிச்சேரிவரை பேசிக்கொண்டு வந்தார்கள்.

பாண்டிச்சேரியில் முதல் நீலம். வண்டி வழி நெடுக நின்று நின்று வந்ததில் இருட்டத் தொடங்கும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். சரோஜா கடலைப் பார்த்தபடி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். வள்ளி அவள் மடியில். காற்றில் அந்தப் பின்னல் அவிழ்ந்து இருவர் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. நான் விசில் ஊதினேன். பிள்ளைகளைக் கூட்ட உதவும் என்று தொழிற்சாலை விளையாட்டுக் கிளப்பிலிருந்து இரவல் வாங்கி வந்த விசில். கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் நாள் சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். ஆவடியில் கொத்சு என்று நாங்கள் சாப்பிட்டு வந்தது என்ன பதார்த்தம் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தர்மலிங்கம் மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார். அதன்பின் நடராஜரிடம் கொஞ்சம் தாமதம். கொள்ளிடம் தாண்டியதும் டயர் ஒன்று காற்றை விட்டது. வைத்தீஸ்வரன்கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது. நடை சாத்திவிட்டால் சாயங்காலம்வரை காத்திருக்கவேண்டும். அப்புறம் நாகப்பட்டினம், வேதாரண்யம், எல்லாக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும்.

நான் வேனின் படியில் நின்றுகொண்டு உத்தரவு போட்டேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் குரல் கேட்கிறது. எல்லாக் குடும்பத்துக்குமாக வெல்லத்தை வாங்கிக்கொண்டுபோய்க் காணிக்கையாகக் குளத்தில் கரைக்கும்படி சரோஜாவை அனுப்பினேன். உப்பும் மிளகும் கொட்டுவதற்குத் தர்மலிங்கத்தின் மனைவியை அனுப்பினேன். அர்ச்சனைச் சீட்டு வரிசைக்கு நான் ஓடவேண்டும். பழனிச்சாமியிடம், பிள்ளைகள் அத்தனை பேரையும் மொட்டை போடும் இடத்துக்குக் கூட்டிப்போய் எல்லோருக்கும் ஒரே மூச்சில் மொட்டை போட்டுவிடுங்கள், தனித்தனியாக நின்றால் நேரம் போய்விடும் என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன். அந்த எல்லோரில் என் மகளும் ஒருத்தி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் மனதில் வள்ளியின் முடி கடைசிக் கட்டத்தில், திருச்செந்தூரில், பச்சை நிறத்தில் பத்திரமாக இருந்தது.

சீட்டோடு திரும்பி வந்தேன். கோபுர நிழலில் பழனிச்சாமி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் உயர வரிசைப்படி பளபளவென்று மொட்டைத் தலைகள், ஒவ்வொன்றிலும் சந்தனம். கடைசியில் நின்றது வள்ளி. என்னைப் பார்த்ததும் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

என்ன காரியம் செய்தீர்கள் என்று கேட்டேன். பழனிச்சாமி நிஜமாகவே குழம்பிப்போனார்.

"நீங்கதானுங்க சொன்னீங்க, எல்லாருத்துக்கும்னு" என்றார். "நேரம் பத்தலைன்னு திருச்செந்தூர் வேலைய இங்கயே மாத்தீட்டீங்கன்னு நெனச்சேனுங்க. பிளானிங்ல இருந்து மாத்திச் சொன்னா நாங்க கேள்வி கேக்க முடியுமுங்களா?"

என் உத்தியோக வாழ்க்கையில் நான் கொடுத்த உத்தரவு ஒன்று சொன்ன நேரத்தில், சொன்னபடி, குறையில்லாமல் நிறைவேறியது அன்றுதான்.

சரோஜா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே குளத்திலிருந்து வந்தாள். வள்ளியைப் பார்த்தாள். நேராக மொட்டை போடும் இடத்துக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். அங்கே ஊர்பேர் தெரியாத எத்தனையோ தலைகளின் முடி ஒரே குவியலாகக் கூட்டித் தள்ளப்பட்டிருந்தது. எது வள்ளியுடையது என்று யாரால் சொல்லமுடியும். அவள் குனிந்து தேடினாள். சிவப்பு ரிப்பன் மட்டும் கிடைத்தது. அதை எடுத்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

தர்மலிங்கம் சமாதானம் சொன்னார். இந்தக் கோயிலிலும் முருகன் சன்னதி இருக்கிறது, நோய் தீர்க்கிற இடம் வேறு, இங்கே கொடுத்தால் அங்கே கொடுத்த மாதிரிதான் என்றார். சரோஜா அவரை விட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சாமி ஒண்ணாவே இருக்கட்டும். நான் வாய் உட்டுச் சொன்னது அங்க. அவ மூச்சு இழுத்துகினு கிடந்தப்ப எங்க சாமிங்க பேரு ஒண்ணுகூட என் வாயில வரல. உங்க சாமிதான் வந்தாரு. நான் பார்த்துகூட இல்லாத சாமி."

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் பரிமாறினாள், எனக்கும் பரிமாறினாள். நாகப்பட்டினத்தில் இறால் வறுவல் வாசனைக்கு யாத்திரை விரதம் ஆட்டம் கண்டபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். வேதாரண்யத்துக்குப் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். பிள்ளைகள் அதைப் பனி என்று பந்தயம் கட்டியபோது இறங்கி ஒரு கல் உப்பை எடுத்து ஒவ்வொரு நாக்கிலும் வைத்தாள். என் நாக்குக்கு மட்டும் வரவில்லை. என் திட்டத்தைக் கேட்பார் இல்லை. நானே அதைக் கேட்கவில்லை. விசிலைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்கள் கல்லாக நிற்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் சுற்றி வந்தோம். சனி எது என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை, எனக்கு ஏற்கெனவே அறிமுகம் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

கரைக்கு வந்ததும் ஏகாம்பரத்தின் பக்கத்தில் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். பின்னால் உட்காரத் தைரியமில்லை. அவர் கியரை மாற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கவலப்படாத சார். அங்க போய்க் கேட்டா எதனா ஒரு வழி சொல்வாங்கோ" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தலையில துண்டு கட்டல இன்னிக்கு?" என்றார். கட்டவில்லை. சுருள் எங்கே போயிற்று என்றுகூட நான் பார்க்கவில்லை.

வழி நெடுகப் பனைமரங்கள். ஒரு நிறுத்தத்தில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து ருசி, எத்தனை வருடம் கழித்து. விற்ற அம்மாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, எந்த ஊரு, ஏன் இவ்வளவு நாளா இந்தப் பக்கம் வரலை என்று உரிமையோடு கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று வழக்கம்போலச் சொன்னேன். சரோஜா பட்டையை வாயிலிருந்து எடுத்து என்னை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் பூந்தமல்லி ஆஸ்பத்திரி முழுவதும் இருந்தது. அன்றைக்கும் நான் இதைத்தான் சொல்லியிருந்தேன். குழந்தை சாகக்கிடந்தபோது அவளைத் தனியாக உட்காரவைத்துவிட்டு நான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேண்டுதல் அவளுக்குத் துணைக்கு இருந்த ஒரே ஆள். அதைத்தான் நான் வைத்தீஸ்வரன்கோயில் வாசலில் ஒரு நிமிடத்தில் கலைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

திருச்செந்தூரில் கோபுரம் தெரிந்ததும் வேனில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரோஜா கும்பிடவில்லை. கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நிற்பவள்போல வள்ளியின் தலையைத் தன் புடவையால் மூடிக்கொண்டாள்.

முடி காணிக்கை மண்டபத்தில் வயதான நாவிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தர்மலிங்கமும் பழனிச்சாமியும் ஏகாம்பரமும் எங்களோடு வந்து நின்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வள்ளியின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"அரிசி மாதிரி முளைச்சிருக்குல்லா. இதுலயே கத்தியை ஓட்டிருவோம். சாமி ஏத்துக்கிடும்" என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. வள்ளியை மணையில் உட்காரவைக்கப் போனேன். சரோஜா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

"வாணாம். மிச்சம் மீதி தர்றேன்னு நான் வேண்டிக்கல. அவகிட்ட இருந்ததுலயே நல்லது எதுவோ அத்தத்தான் தர்றேன்னு சொன்னேன்." நாட்கணக்கில் பேசாதவள் என் பக்கம் திரும்பினாள். "அது போச்சு. இப்ப நீங்க சொல்லுங்க. உங்ககிட்ட இருக்கிறதுலயே நல்லது எது?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கைக்கடிகாரமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சரோஜா, தர்மலிங்கம், பழனிச்சாமி, ஏகாம்பரம், வள்ளிகூட, எல்லோரும் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாவிதர் முதலில் புரியாமல் அவர்களைப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் பார்த்தார்.

மணையில் உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துக்கொண்டே, யாருக்கு வேண்டுதல் என்று கேட்டார்.

"பொண்ணுக்கு" என்றாள் சரோஜா. "எடுக்கிறது அவங்கப்பாவுக்கு."

முதலில் விழுந்தது அந்தச் சுருள்தான். என் மடியில் ஈரமாக, ஒரு சின்ன எலிக்குட்டி அளவுக்குக் கிடந்தது. இத்தனை வருடம் நான் தூக்கிப் பிடித்தது இதையா என்று இருந்தது. சரோஜா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிவப்பு ரிப்பனை எடுத்து என் முடியின்மேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. கத்தி கீறியதால் என்று நாவிதரிடம் சொன்னேன். எங்கேயும் கீறவே இல்லையே என்றார் அவர்.

கடலில் முழுக்குப் போட்டபோது உப்புத் தண்ணீர் மொட்டைத் தலையில் சுரீரென்று எரிந்தது. வள்ளி என் தோளில் ஏறி உட்கார்ந்து என் தலையைத் தட்டித் தட்டித் தாளம் போட்டாள். இரண்டு மொட்டைகளும் அலைக்கு அலை குதித்தோம். கரையில் பழனிச்சாமி எல்லாப் பிள்ளைகளையும் உயர வரிசைப்படி நிறுத்தி, நான் இறங்கச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். கையைக் காட்டினேன். வரிசை கலைந்து ஓடிவந்தது.

நாழிக்கிணற்றில் குளித்து, உள்ளே போய்ச் சாமியைக் கும்பிட்டு, மறுபடி கடற்கரை மணலுக்கு வந்தோம். சரோஜா வெகுநேரம் சன்னதியில் நின்றாள். காலண்டரில் இருப்பதைவிடச் சின்னவராக இருக்கிறார் என்று மட்டும் வள்ளியிடம் சொன்னாள். மணலில் வந்து உட்கார்ந்ததும் ஈரக் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அப்போது மிச்சமிருந்த முடி அது ஒன்றுதான். நான் கேட்காமலே அவள் கை என் சட்டைப் பைக்கு வந்து கொம்புச் சீப்பை எடுத்தது.

"கல்யாணம் ஆன நாளா இத்த என்னைத் தொடக்கூட உட்டதில்ல" என்றாள். பிறகு கடலைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல், நுனியிலிருந்து சிடுக்கெடுக்கத் தொடங்கினாள்.